ஆகாரை வாசித்த புதன்கிழமைகள்

சென்ற மாதம் நாவற்குடாவில் இளம் போதகர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. பதினொரு பேரில் நான்கு பேர் பெண்கள். எங்கள் காலத்தில் இந்தத் தொகையைக் கேட்டிருந்தால் சபை மாநாட்டில் சிலர் மயங்கி விழுந்திருப்பார்கள். ஓய்வுபெற்ற போதகர் என்று என்னையும் கூப்பிட்டு, ஒரு மணி நேரம் பேசவிட்டு, மீன்குழம்போடு நல்ல சோறும் தந்தார்கள். சாப்பாட்டு மேசையில் அந்த நால்வரில் ஒரு பிள்ளை கேட்டாள்: "அம்மா, பெண்ணிய இறையியல நீங்க எங்க படிச்ச?"

கல்லூரியின் பெயரைச் சொன்னேன். அவள் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே வந்தது. பொய்யில்லை. ஆனால் அந்தப் பிள்ளை அந்தக் கல்லூரிக்குப் போய்த் தேடினால் நான் படித்தது அங்கே கிடைக்காது. ஆகவே மீதியை எழுதிவிடுகிறேன்.

கல்லூரி மலைநாட்டில் இருந்தது. குளிர், பீட்ரூட் கறி, கிரேக்க இலக்கணம். அந்த வருடங்களின் சுருக்கம் இவ்வளவுதான். வகுப்பில் பெண்கள் இரண்டு பேர். மற்றவள் பாதியில் கல்யாணம் கட்டிப் போய்விட்டாள். கடைசி வருடத்தில் ஒரு விரிவுரையாளர் ஒரு கட்டுப் போட்டோக் கொப்பியை என்னிடம் தந்து, "விளங்காவிட்டாலும் வாசி" என்றார். அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் எழுதிய கட்டுரைகள் அவை. வெள்ளைக்காரப் பெண்களின் பெண்ணியம் தங்களுக்குப் போதாது, அது வீட்டு எசமாட்டியின் கண்ணால் பார்க்கிறது, தாங்கள் அந்த வீட்டுக் குசினியில் நின்றவர்களின் வழி வந்தவர்கள் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். தங்கள் இறையியலுக்கு வுமனிஸ்ட் என்று தனிப்பெயரும் வைத்திருந்தார்கள். ஆபிரகாமுக்குப் பிள்ளை இல்லாதபோது, அவருடைய மனைவி சாராள் தன் அடிமைப்பெண் ஆகாரை அவருக்குக் கொடுக்கிறாள் அல்லவா? பிறகு, கர்ப்பமான அவளைப் படாதபாடு படுத்தி, கடைசியில் பிள்ளையோடு வனாந்தரத்துக்குத் துரத்தியும் விடுகிறாள். அந்த ஆகாரின் பக்கம் நின்றுதான் அவர்கள் வேதாகமத்தை வாசித்தார்கள். நான் அகராதியைப் பக்கத்தில் வைத்து இரண்டு தரம் படித்தேன். பரீட்சையில் அதில் ஒரு கேள்வியும் வரவில்லை. அந்தக் கட்டுரைக் கட்டை என் பெட்டியின் அடியில் போட்டுக்கொண்டு மட்டக்களப்புக்குத் திரும்பினேன்.

போதகராகத் திருநிலைப்படுத்தப்பட்டு முதல் சபைக்குப் போனபோது இறையியலால் ஒரு பிரச்சினையும் வரவில்லை. என்னை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் சிக்கல். போதகரை "ஐயா" என்பார்கள். "போதகர் அம்மா" என்றால் அது போதகரின் மனைவி. இப்போது போதகரே பெண். சிலர் "ஐயாம்மா" என்றார்கள். சந்தையில் மரக்கறி விற்ற ஒருவர் கடைசிவரை "பாதர் அக்கா" என்றே கூப்பிட்டார். அதிகம் அவதிப்பட்டவர் என் கணவர்தான். அவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். என்னோடு எந்த வீட்டுக்கு வந்தாலும் எல்லாரும் அவர் பக்கம் திரும்பி, "ஐயா, ஒரு ஜெபம் பண்ணுங்க" என்பார்கள். "நான் வாய்க்கால் பாக்கிற ஆள். ஜெபத்துக்கு இவதான்" என்பார். மூன்றாம் மாதம் களைத்துப்போய், ஒரு சிறு ஜெபத்தைப் பாடமாக்கி வைத்துக்கொண்டார்.

நான் நடத்திய முதல் திருவிருந்து ஆராதனையில் பாதிப் பேர் தாங்கள் இருந்த வாங்கைவிட்டு எழும்பவில்லை. அப்பத் தட்டோடு பீடக் கிராதிக்கு உள்ளே நின்றேன். வந்தவர்களில் ஒரு வயதான பெண், வாங்கிக்கொண்டு போய், வரிசையின் கடைசியில் மறுபடி வந்து முழங்காலிட்டார்.

"நீங்க வாங்கிட்டீங்களே" என்று மெதுவாகச் சொன்னேன்.

"ஓம் மகள். முதல் தரம் பயத்தில ருசி தெரியல்ல" என்றார்.

சட்டப்படி கொடுக்கக் கூடாது. கொடுத்தேன். அடுத்த மாதம் வாங்கில் இருந்தவர்களில் பலர் எழும்பி வந்தார்கள். கிழவிக்கு இரண்டு தரம் கிடைத்தது, தங்களுக்கு ஒன்றும் இல்லையா என்ற பொறாமையாகவும் இருக்கலாம்.

இனி சற்குணம் ஐயாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் எங்கள் முகாமைக் குரு. அதாவது வட்டாரத்துச் சபைகளுக்கெல்லாம் பொறுப்பான மூத்த போதகர், எனக்கு மேலதிகாரி. மெலிந்த மனிதர். கஞ்சி போட்ட வெள்ளை அங்கி, பழைய மோட்டார் சைக்கிள், பின்னால் இறப்பர் நாடாவால் கட்டிய தோற்பை. நான் பொறுப்பேற்கப் போன முதல் நாளே கதிரையில் இருத்திச் சொன்னார்:

"தங்கச்சி, மாநாட்டில உங்களுக்கு எதிரா கை உயர்த்தினவன் நான். வேற ஆரும் சொல்லி நீங்க அறியக் கூடாது எண்டுதான் நானே சொல்றன். ஆனா சபை தீர்மானிச்சிட்டு. இனி உங்கள எதிர்க்கிறவன் சபையை எதிர்க்கிறான். தேத்தண்ணிக்குச் சீனி போடுறதா?"

இரண்டு கரண்டி போடச் சொன்னேன்.

எந்தக் கடிதத்துக்கும் அவர் அன்றே பதில் எழுதுவார். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்ட வரிகள். கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரணமாக "தங்கச்சி." சற்று எரிச்சல் என்றால் "போதகர்." உண்மையான கோபம் என்றால் "கனம் போதகர் அவர்களுக்கு." கூட்டத்தில் யாராவது "இது வழக்கம் ஐயா" என்று சொன்னால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எந்தப் பக்கம்?" என்று கேட்பார். எழுத்தில், பக்கத்தோடு காட்டமுடியாத வழக்கத்தை அவர் வழக்கமாகக் கணக்கெடுப்பதில்லை. இதனால் அவரைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர். சில நாட்களில் நானும் அதில் ஒருத்தி.

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, உன்னிச்சைப் பக்கத்தில் ஒரு சிற்றாலயம் என் பொறுப்புக்கு வந்தது. குளத்து நீர் பாயும் வயல் வட்டைகளுக்கு நடுவே ஓட்டுக்கூரைக் கட்டடம். பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில். புதன்கிழமை பின்னேரங்களில் அந்தக் கொட்டிலில் பெண்களுக்கு வேத வகுப்பு. முதல் வகுப்புக்கு எட்டுப் பேர் வந்தார்கள். இதற்குத்தானே காத்திருந்தேன் என்று பெட்டியின் அடியில் இருந்த அந்தக் கட்டுரைகளை எடுத்துப்போனேன். ஆகாரின் கதையை வாசித்து, ஆணாதிக்கம், ஒடுக்குமுறை, விடுதலை வாசிப்பு என்று நாற்பது நிமிடம் பொழிந்தேன். ஒருத்தி நித்திரை. மற்றவர்கள் மரியாதைக்கு விழித்திருந்தார்கள்.

முடிவில், குவைத்தில் நான்கு வருடம் வீட்டுவேலை செய்துவிட்டு வந்த பூமணி கையை உயர்த்தினாள்.

"அம்மா, ஒரு சந்தேகம். ஆகாரிட பாஸ்போட் ஆருட்ட இருந்த?"

எனக்கு விளங்கவில்லை.

"இல்ல, அவ எகிப்துக்காரி எண்டு நீங்கதான் சொன்ன. இவங்கட வீட்டில வேல. மேடம் பாஸ்போட்ட வாங்கி அலுமாரிக்க வெச்சிப் பூட்டினா, அவ வனாந்தரத்துக்கு ஓடினாலும் அங்கால எங்க போற?"

அதற்குப் பிறகு அந்தக் கொட்டிலில் ஒருத்தியும் நித்திரை கொள்ளவில்லை. எட்டுப் பேரில் ஐந்து பேர் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்தவர்கள். அந்தக் கதையில் அவர்களுக்குத் தெரியாத இடமே இருக்கவில்லை. கொடுமை தாங்காமல் முதலில் ஓடிப்போன ஆகாரிடம் தேவதூதன் வந்து, உன் எசமாட்டியிடமே திரும்பிப் போ என்கிறான். அந்த இடம் கறுப்பினப் பெண்களின் கட்டுரைகளில் பக்கம் பக்கமாக விவாதிக்கப்பட்டிருந்தது. பூமணி ஒரே வசனத்தில் முடித்தாள்: "இவன் ஏஜென்சிக்காரன் மாதிரியல்லோ கதைக்கிறான். 'கொன்ட்ராக்ட் முடியும்வரைக்கும் பொறுத்துக்கொண்டு இரி' எண்டு."

எல்லாரும் சிரித்தார்கள். தேவதூதனைப் பழித்ததற்கு இடி விழுமோ என்று நான் கூரையைப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை.

ஞானம்மா என்றொரு பெண் இருந்தார். கணவனை இழந்தவர், அதிகம் பேசமாட்டார். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார், ஆனால் ஒரு சொல்லையும் விடமாட்டார். அவர் சொன்னார்: "ஆபிரகாமும் சாராளும் ஓரிடத்திலயும் அவட பேரச் சொல்லல்ல அம்மா. அடிமைப்பெண், அடிமைப்பெண் எண்டுதான். அந்தத் தூதன்தான் முதல் முதலா ஆகார் எண்டு பேர் சொல்லிக் கூப்பிட்ட."

நான் விரலை வைத்து வரி வரியாகத் தேடினேன். அவர் சொன்னது சரி. கிரேக்கமும் கொஞ்சம் எபிரேயமும் படித்த நான் அதைக் கவனித்ததில்லை.

"அதுக்காகத்தான் அவ திரும்பிப் போயிருப்பா" என்றாள் பூமணி, சிரிப்பை விட்டுவிட்டு. "நாலு வருசம் என்னையும் ஆரும் பேர் சொல்லிக் கூப்பிடல்ல."

இந்த வகுப்புக்கு இன்னொருவரும் வந்துகொண்டிருந்தார். ஓட்டமாவடியிலிருந்து பஸ்ஸில் துணிமூட்டையோடு விற்க வரும் முஸ்லிம் பெண், எல்லாருக்கும் அக்காவான ஜெமீலா ராத்தா. வீடு வீடாக அலையாமல் ஊர்ப் பெண்களை ஒரே இடத்தில் பிடிக்கலாம் என்பதால் புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்திருந்தார். வகுப்பு முடியும்வரை கொட்டில் வாசலில் மூட்டையில் சாய்ந்திருப்பார். மூன்றாவது கிழமை அவர் பொறுக்கமுடியாமல் உள்ளே எட்டிப்பார்த்தார்.

"நீங்க கதைக்கிற எங்கட ஹாஜரா உம்மாவப் பத்தியல்லோ?"

ஓம் என்றேன்.

"எங்கட கதையில அவவ ஆரும் துரத்தல்ல. அல்லாஹ்ட சொல்லுக்குத்தான் இப்றாஹிம் நபி அங்க கொண்டுபோய் விட்ட. மறுகா புள்ளக்குத் தண்ணி தேடி ரெண்டு மலைக்கு நடுவுல ஏழு தரம் ஓடினா. இண்டைக்கும் ஹஜ்ஜுக்குப் போற எல்லாரும் அந்த வழியால ஏழு தரம் போய்வரணும். மௌலவியும்தான், மினிஸ்டரும்தான்."

"பெண்களும் ஓடணுமா ராத்தா?" என்று கேட்டேன்.

"இல்ல. ஓடுற இடத்தில ஆம்புளயள்தான் ஓடுற. பொம்புளயள் நடந்தாப் போதும். எல்லாப் பொம்புளக்கும் சேத்து அவ ஓடி முடிச்சிட்டா." இதைச் சொல்லிவிட்டு மூட்டையை அவிழ்த்தார். "சரி, புதுச் சீத்தைத் துணி வந்திருக்கு. பாக்கிறீங்களா?"

அன்று வகுப்பை நான் அத்தோடு முடித்தேன். 

இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஞானம்மாவின் மகள் சுகந்தி திரும்பி வந்தாள். மூன்று வருடம் வளைகுடா நாடு ஒன்றில் வேலை. வரும்போது கையில் நான்கு மாதப் பெண்குழந்தை. கல்யாணம் ஆகவில்லை. மூன்று கிழமை அவள் வீட்டு வளவை விட்டு வெளியே வரவில்லை. நாலாவது புதன்கிழமை குழந்தையோடு வந்து, உள்ளே வராமல், ஜெமீலா ராத்தாவுக்குப் பக்கத்தில் வாசலில் இருந்தாள். ராத்தா ஒன்றும் கேட்காமல் மூட்டையைச் சற்று நகர்த்தி அவள் முதுகுக்குச் சாய்வு கொடுத்தார்.

அன்று வகுப்பு முடிந்ததும் ஞானம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ளக்கு ஞானஸ்நானம் குடுக்கணும் அம்மா" என்றார்.

அடுத்த நாள் அவர்களின் வீட்டுக்குப் போனேன். சுகந்தி கிணற்றடியில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தகப்பன் யார் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே, துவாயால் குழந்தையின் தலையைத் துவட்டியபடி, ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"நான் படுத்த அறைக் கதவுக்கு உள்பக்கம் கொளுக்கி இருக்கல்ல அம்மா."

அதற்குமேல் அவள் சொல்லவும் இல்லை, எனக்குத் தேவைப்படவும் இல்லை.

ஞானஸ்நானத்துக்குத் திகதி குறிக்கச் சபைக் குழுவிடம் போகவேண்டும். குழுவின் செயலாளர் சாமுவேல் விதானையார். அவர் அந்தப் பகுதியின் வட்டை விதானை. எந்த வயலுக்கு எப்போது வாய்க்கால் நீர் திறப்பது என்று முறை வைப்பவர். நேர்மையான மனிதர், தன் வயலுக்கு ஒரு நிமிடம் கூடுதலாகத் திறக்கமாட்டார். அந்த நேர்மையோடுதான் என்னிடம் சொன்னார்: "குடுக்கலாம் அம்மா. ஆனா முதல்ல அந்தப் புள்ள ஞாயிற்றுக்கிழம சபைக்கு முன்னால எழும்பி நிண்டு பாவ அறிக்கை பண்ணணும். இது இஞ்ச வழக்கம்."

நான் வாதாடினேன். குழுவில் இரண்டு பேர் என் பக்கம், ஐந்து பேர் அவர் பக்கம். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நான் செய்ததை இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நான் இறங்கிப்போனேன். சபைக்கு முன்னால் வேண்டாம், பக்க அறையில், எனக்கும் இரண்டு மூப்பர்களுக்கும் முன்னால் மட்டும் அறிக்கை பண்ணட்டும் என்றேன். சமாதானமாக ஒரு வழி கண்டுபிடித்த கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டு சுகந்தியிடம் போனேன்.

அவள் முழுவதையும் கேட்டாள். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"சரி அம்மா. என்ன பாவத்த அறிக்கை பண்ண? சொல்லித்தாங்க. அப்பிடியே சொல்றன்."

குரலில் கோபம் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உண்மையாகவே கேட்டாள்.   எத்தனையோ பேருக்கு எத்தனையோ ஜெபங்களைச் சொல்லிக்கொடுத்தவள் நான். இவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பாவம் கிடைக்கவில்லை. "என்னை மன்னிச்சுக்கொள் மகள்" என்று மட்டும் சொன்னேன். அந்த வளவில் அன்று நடந்த ஒரே பாவ அறிக்கை அதுதான்.

வீட்டுக்கு வந்தவுடன் சற்குணம் ஐயாவுக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். வழமைபோல அடுத்த தபாலில் பதில் வந்தது. தொடக்கமே "கனம் போதகர் அவர்களுக்கு" என்றிருந்தது. ஒன்று: கடிதம் கிடைத்தது. இரண்டு: வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குழுவைக் கூட்டவும். மூன்று: சிற்றாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் கூட்டக் குறிப்புகளும், முதல் புத்தகத்திலிருந்து, மேசையில் இருக்கவேண்டும்.

"கனம் போட்டிருக்கிறார்" என்று கணவரிடம் காட்டினேன். அவர் தனக்குத் தெரிந்த அந்த ஒரே ஜெபத்தை எனக்காகச் சொன்னார்.

சனிக்கிழமை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஐயா யாரோடும் சிரிக்கவில்லை. ஜெபம். வரவு குறித்தல். சென்ற கூட்டக் குறிப்பை வாசிக்கச் செய்தார், முழுவதையும். பிறகு தோற்பையிலிருந்து சபை ஒழுங்குப் புத்தகத்தை எடுத்து, குழந்தை ஞானஸ்நானம் பற்றிய பகுதியைத் திறந்து, சாமுவேல் விதானையாரிடம் நீட்டினார்.

"செயலாளர் வாசிக்கலாம்."

விதானையார் வாசித்தார். தாய் தகப்பனில் ஒருவர் அல்லது பாதுகாவலர் சபையின் அங்கத்தவராக இருக்கவேண்டும். போதகர் அவர்களுக்கு முன்கூட்டிப் போதனை கொடுக்கவேண்டும். அவர்கள் சபைக்கு முன்னால் வாக்குக் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான்.

"பாவ அறிக்கை எங்க இருக்கு?"

"அது... வழக்கம் ஐயா."

கண்ணாடி கழன்றது. "எந்தப் பக்கம்?"

விதானையார் விடவில்லை. பழைய கூட்டக் குறிப்புகளைப் புரட்டி, அடையாளக் கடதாசி வைத்துக் கொண்டுவந்திருந்த இடங்களைக் காட்டினார். உண்மைதான். மூன்று தரம் நடந்திருக்கிறது. மூன்று பெண்களின் பெயர்கள், அறிக்கை பண்ணிய ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன.  எழுத்தில் இருந்துவிட்டதே!

ஐயா மூன்று பக்கங்களையும் மெதுவாக, உதடு அசைய, வாசித்தார். பிறகு அந்தந்த வருடத்து ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் தேடிப்பிடித்தார். தகப்பன் பெயர் எழுதும் இடத்தில் மூன்றிலும் ஒரு சிறு கோடு. 

"மூண்டு பெண்கள் அறிக்கை பண்ணியிருக்கிறாங்க" என்றார். "ஒரு ஆண்கூட அறிக்கை பண்ணல்ல. ஒரு ஆணின் பெயர்கூட இல்ல. அப்ப இந்தச் சபையில மூண்டு பிள்ளையள் தகப்பன் இல்லாமப் பிறந்திருக்கு."

அவர் பதிவேட்டை மூடி வைத்தார்.

"நம்முடைய விசுவாசத்தின்படி அப்பிடிப் பிறந்தவர் ஒருவர்தான். இஞ்ச மூண்டு பேர் எண்டு இந்தக் குழு எழுதி வெச்சிருக்கு. இது வேதப்புரட்டு. இதை நான் வழக்கமா ஏற்றுக்கொள்ளேலாது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "கனம் போதகர் அவர்களே, பக்க அறையில அறிக்கை எண்டு நீங்க எழுதியிருந்தீங்க. பக்க அறைக்கு எந்தப் பக்கம்?"

"இல்லை ஐயா" என்றேன். "அது என் பிழை."

"குறிப்பில எழுதுங்க" என்றார் விதானையாரிடம். விதானையார் எழுதினார். அந்தக் குறிப்பு இன்றைக்கும் அந்தப் புத்தகத்தில் இருக்கும். திகதி ஏகமனதாகக் குறிக்கப்பட்டது.

எல்லாரும் போனபின் விதானையார் பதிவேடுகளை அலுமாரியில் அடுக்கிக்கொண்டு நின்றார். முதுகைக் காட்டியபடியே சொன்னார்: "என்ட இளையவளும் குவைத்திலதான் அம்மா. போன கிழம போன் எடுக்கல்ல. அதுக்கு முந்தின கிழமையும் எடுக்கல்ல." அலுமாரியைப் பூட்டிவிட்டுச் சாவியை என் கையில் வைத்தார். அவருக்காக நான் ஜெபம் பண்ணினேன். நின்றபடியே ஆமென் சொன்னார். அடுத்த மாதம் அவள் பேசினாள், சுகமாக இருந்தாள். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாசிப்பவர்கள் கவலைப்படுவீர்கள்.

ஞானஸ்நானத்துக்கு முந்திய புதன்கிழமை வகுப்பில் பெயர் பற்றிப் பேச்சு வந்தது. ஆகார் என்று வைக்கவேண்டும் என்பது என் உள்மனத்து ஆசை. எங்கள் வகுப்பின் பலன் அந்தப் பிள்ளையின் பெயராக நிற்கும் என்று எண்ணினேன்.

"ஆகார் எண்டு வெச்சா பள்ளிக்கூடத்தில ஆகாரம், சாப்பாடு எண்டு பகிடி பண்ணுவாங்க" என்றாள் பூமணி.

"ஹாஜரா எண்டு வைங்களன்" என்றார் வாசலில் இருந்து ஜெமீலா ராத்தா.

சுகந்தி சிரித்தாள். நான் அவள் சிரித்து முதல் முதலாக அன்றுதான் கண்டேன். "நான் யோசிச்சு வெச்சிருக்கன். ஞாயிற்றுக்கிழம சொல்றன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிரம்பியிருந்தது. பாதிப் பேர் பக்தியால், மீதிப் பேர் புதினம் பார்க்க. சற்குணம் ஐயா அறிவிக்காமல் வந்து கடைசி வாங்கில் இருந்தார். ஞானத்தாய் யார் என்று கேட்டதற்கு வகுப்புப் பெண்கள் எட்டுப் பேரும் எழும்பி வந்துவிட்டார்கள். ஒருவர் போதும் என்று சொல்லிப் பார்த்தேன், ஒருத்தியும் திரும்பிப் போகவில்லை. குழந்தை போட்டிருந்த வெள்ளைச் சட்டை ஜெமீலா ராத்தா தைத்துக் கொண்டுவந்தது. ராத்தா வெளியே வேம்பின் கீழ் நின்று சன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாக்குறுதிக் கேள்விகளைச் சுகந்தியிடம் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் சபை முழுவதற்கும் கேட்கும்படி பதில் சொன்னாள். குழந்தையை வாங்கிக் கையில் ஏந்திக்கொண்டேன்.

"இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர்?"

"சாராள்" என்றாள்.

எனக்குக் கை ஒரு கணம் தண்ணீருக்கு மேலே நின்றுவிட்டது. எட்டு ஞானத்தாய்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சாராளா? ஆகாரைத் துரத்தியவளா? எத்தனை புதன்கிழமைகள் நாங்கள் வாய்க்கு வந்தபடி திட்டிய அந்த மேடமா? ஆனாலும் பெயரைச் சொல்வது தாயின் உரிமை. ஒழுங்குப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. மூன்று தரம் தண்ணீர் ஊற்றி, சாராள் என்று பெயர் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்தேன். பிள்ளை அழாமல் என்னையே உறுத்துப் பார்த்தது.

ஆராதனை முடிந்து தகரக் கொட்டிலில் தேத்தண்ணி. குழந்தையைத் தோளில் வைத்தபடியே சுகந்தியைத் தனியே இழுத்துக் கேட்டேன்.

"ஏன் மகள் அந்தப் பேர்? அவதானே ஆகாரை வெளியில விட்டவ?"

"அதுதான் அம்மா" என்றாள். "ஆகார் எண்டு வெச்சா, நாளைக்கு இவளும் ஆர்ட வீட்டிலயோ கோப்பை கழுவுவாள் எண்டு எனக்கு மனசுக்க ஒரு பயம். ஆகார் பட்டத நான் பட்டுட்டன். இவளுக்கும் ஏன்? சாராள் சொந்த வீட்டில இருக்கிறவள். அவளப் போ எண்டு ஆரும் சொல்லேலாது."

குழந்தையை என்னிடமிருந்து வாங்கி, ஈரமாயிருந்த தலைமயிரைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"ஆனா அம்மா, இந்தச் சாராள வளர்க்கப் போறது ஒரு ஆகார். இவள் ஒருத்தியயும் வாசலுக்கு வெளியில விடமாட்டாள்."